எழுபத்து மூன்றும் ஒன்பதும்

டிரைவருக்கு முழங்கால் தேய்ந்தது கிளட்சினால். முப்பத்தோரு வருடம் நகரப் பேருந்தின் கிளட்சை நாளுக்கு ஆயிரத்துச் சொச்சம் தடவை மிதித்த இடது கால், ஒரு நாள் உன் சங்காத்தமே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மூட்டை மாற்றினால் மறுபடி ஓட்டலாம் என்றார் எலும்பு மருத்துவர். ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருந்தது. ஓட்ட முடியாத டிரைவர்களைப் பணிமனையில் தவறவிட்ட பொருள்கள் அறையில் உட்கார வைப்பார்கள். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர், நாற்பது குடைகளுக்கு நடுவில், தாங்களும் யாரோ மறந்துவிட்டுப் போன பொருள் போல உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு வந்த அன்றே டிரைவர் அறுவைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்.

அந்த மருத்துவமனையில் அறுவை அரங்குக்குப் போகிறவர்கள் முன்னறிவு மையத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் சிலர் அபின் வகை வலி மாத்திரைகளை விட முடியாமல் மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது உண்மைதான். யாருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டியே தெரிந்தால் நல்லதுதான். இவ்வளவு நியாயமான ஒரு காரியத்தை எப்படிக் கெடுப்பது என்று ஒரு குழு மூன்று ஆண்டுகள் கண்ணும் கருத்துமாக உழைத்து இந்த மையத்தை உருவாக்கியிருந்தது. அறுபத்து நான்கு கேள்விகள். பதில்களைக் கணினி மென்று, ஒன்றிலிருந்து நூறுக்குள் ஒரு மதிப்பெண்ணைத் துப்பும். எண் கூடக்கூட ஆபத்து கூடுதல்.

கேள்வி கேட்டவர் மதிப்பெண் அதிகாரி. தட்டைக் கணினியிலிருந்து கண்ணை எடுக்காத பெண்.

"அறுவைக்கு முன்னாடி வலி மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?"

"சாப்பிட்டிருக்கேன்."

"எதுக்காக?"

"வலிச்சுதும்மா."

அவர் 'காரணம் தெளிவில்லை' என்ற கட்டத்தைத் தட்டினார்.

"புகைப் பழக்கம்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை. இருமல் வந்துச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

'முன்னாள் புகைப்பாளர்' என்று விழுந்தது.

"போன ஒரு வருஷத்துல மனச்சோர்வு இருந்துச்சா?"

"மூட்டு போனா யாரும்மா குதிச்சுக்கிட்டு இருப்பாங்க? குதிக்கவும் முடியாதே."

"ஆமாவா, இல்லையா?"

"ஆமான்னே வெச்சுக்கங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அவர் தொடையில் கிள்ளினார். நூலகத்தில் வேலை பார்ப்பவர் என்பதால் சத்தமில்லாமல் கிள்ளத் தெரியும். ஆனால் டிரைவர் கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொல்லும் வியாதிக்காரர். அறுபத்து நான்காவது கேள்வி முடிந்தபோது கணினி எழுபத்து மூன்று என்றது. அதிகாரி முதல் தடவையாக நிமிர்ந்து, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அதே அறையில் அன்று இன்னொருவரும் இருந்தார். இடுப்பு மூட்டு மாற்ற வந்த ஓய்வுபெற்ற சர்வேயர். வேலைக்காலம் முழுக்கப் படிவங்களோடு வாழ்ந்தவர். "கேள்வியெல்லாம் எதுக்கும்மா, குடுங்க, நானே நிரப்பறேன்" என்று கணினியை வாங்கி, எந்தப் பதிலை அலுவலகம் விரும்புமோ அந்தப் பதிலை அளந்து அளந்து வைத்தார். தூக்கம்: நன்று. மனநிலை: நன்று. வீட்டில் துணை: உண்டு. அவருக்கு ஒன்பது வந்தது. அதிகாரி எழுந்து நின்றே கை குலுக்கினார்.

இருவருக்கும் ஒரே நாளில் அறுவை நடந்தது. பக்கத்துப் பக்கத்துக் கட்டில். டிரைவரின் தலைமாட்டில் சிவப்பு அட்டை தொங்கியது, சர்வேயரின் தலைமாட்டில் பச்சை. மயக்கம் தெளிந்து, புது மூட்டு என்பது எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்று உடம்புக்குப் புரிந்தபோது டிரைவர் போட்ட கூச்சலில் இரண்டு செவிலியர் ஓடி வந்தார்கள். சிவப்பு அட்டையைப் பார்த்துவிட்டு அதே வேகத்தில் திரும்பிப் போனார்கள். பிறகு ஒருவர் காய்ச்சல் மாத்திரை ஒன்றும், மூச்சை ஆழமாக இழுத்து விடுவது எப்படி என்று விளக்கும் தாள் ஒன்றும் கொண்டு வந்தார்.

"எனக்குக் காய்ச்சல் இல்லையே சிஸ்டர்."

"உங்க மதிப்பெண்ணுக்கு இதுதான் சார் வரும்."

அடுத்த கட்டிலில் சர்வேயர் லேசாக முனகினால் போதும், அபின் வகை வெள்ளை மாத்திரை இரண்டு வரும். முனகாவிட்டாலும் வரும். தூங்கினால் எழுப்பிக் கொடுத்தார்கள். "எனக்கு இவ்வளவு வலிக்கலையே" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "கவலைப்படாம சாப்பிடுங்க சார், நீங்க ஒன்பது" என்று தண்ணீரை நீட்டினார்கள். ஒரு முறை அவர் தன் மாத்திரையில் பாதியை டிரைவருக்குத் தள்ளப் பார்த்தபோது அறையின் கேமரா கண்டுபிடித்துவிட்டது. டிரைவரின் மதிப்பெண் எழுபத்தாறானது. மேல்முறையீடு செய்து மூன்றைக் குறைத்தது அவர் மனைவி.

வீட்டுக்குப் போன பிறகு டிரைவர் காலை மடக்கிய கதையை அந்தத் தெருவே கேட்டது. மடக்காவிட்டால் மூட்டு இறுகிப்போகும், இறுகினால் கிளட்ச் இல்லை, கிளட்ச் இல்லாவிட்டால் குடைகள்தான். எனவே தினமும் காலையில் நாற்காலியில் உட்கார்ந்து, கணினியைக் கண்டுபிடித்தவனிலிருந்து ஆரம்பித்து முன்னறிவு மையத்தின் வாயிற்காவலர் வரைக்கும் ஒவ்வொருவராகத் திட்டிக்கொண்டே காலை மடக்கினார். ஒரு திட்டுக்கு ஒரு பாகை என்று கணக்கு. மூன்றாம் மாதத்தில் நூற்றுப் பதினைந்து பாகை மடங்கியது. ஒரு வெள்ளை மாத்திரைகூட உள்ளே போகவில்லை.

எலும்பு மருத்துவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "பிரமாதம், நாளைக்கே பஸ் ஓட்டலாம்" என்று தகுதிச் சான்றிதழுக்கு விசையைத் தட்டினார். அச்சு இயந்திரம் அசையவில்லை. திரையில் 'ஆபத்து நிலுவையில்' என்று வந்தது.

டிரைவர் முன்னறிவு மையத்தின் இயக்குநரைப் போய்ப் பார்த்தார். இயக்குநர் நல்ல மனிதர். எதிரில் இருப்பவரைக் கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசுவார், பார்த்தது எதுவும் மனதில் தங்காது.

"உங்க ஆபத்து இன்னும் திறந்தே இருக்கு சார். அதை மூடணும்."

"எப்படிங்க மூடறது?"

"மாத்திரையை விட்டுட்டீங்கன்னு எங்க விடுவிப்புப் பிரிவு சான்று தரணும்."

"நான் சாப்பிடவே இல்லையே சார்."

இயக்குநர் அன்போடு சிரித்தார். "சாப்பிடாதவர் எப்படி சார் விட முடியும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்!"

"பாத்தீங்களா, ரெண்டு பேரும் ஒரே கருத்துல இருக்கோம். உங்க மதிப்பெண் வரம்புல நூத்துக்கு எழுபத்து மூணு பேர் அறுவை முடிஞ்ச தொண்ணூறாம் நாள் மாத்திரையோடதான் இருப்பாங்க. நீங்க இல்லேங்கறீங்க. நான் உங்களை நம்பறேன். ஆனா உங்களை நம்பினா எங்க கணிப்பு மாதிரியை நம்ப முடியாமப் போயிடும். ஒரு தனி மனுஷருக்காக அறிவியலைக் காயப்படுத்தலாமா?"

டிரைவர் அறிவியலைக் காயப்படுத்தியதற்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு விடுவிப்புப் பிரிவுக்குப் போனார். அங்கே சிறுநீரைச் சோதித்தார்கள். சுத்தமாக இருந்தது. "சுத்தமா இருக்கிறவங்களைச் சேர்க்க விதி இல்லை. மாத்திரை சாப்பிட்டுட்டு வாங்க, விட வைக்கிறோம்" என்றார்கள். மாத்திரை கேட்டால், எழுபத்து மூன்றுக்கு மாத்திரை கிடையாது என்றார்கள்.

அவர் வெளியே வந்தபோது தாழ்வாரத்து நாற்காலியில் சர்வேயர் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். சட்டைப் பொத்தான்களை ஒன்று தள்ளி ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். கையிலிருந்த காகிதம் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன சார் இது, காத்தே இல்லையே?"

"விட முடியலை டிரைவர். ஒரு வேளை சாப்பிடலைன்னா உடம்பே என்னுது இல்ல. இங்க வந்து சேத்துக்கங்கன்னு கெஞ்சினேன். ஒன்பதுக்கெல்லாம் இந்தப் பிரிவு இல்லைங்கறாங்க."

"அப்ப மாத்திரை எங்கேர்ந்து வருது?"

"வாரா வாரம் வீட்டுக்கே அனுப்பறாங்க. பச்சை அட்டைக்காரங்க கேக்கவே வேண்டாமாம். நிறுத்தச் சொல்ல போன் பண்ணினா, அதுக்குத் தனியா நம்பர் இல்லைங்கறாங்க."

தொண்ணூறாம் நாள் கேள்வித்தாளும் அவருக்கு வந்திருந்தது. குறைந்த மதிப்பெண்காரர்களுக்கு வீண் சிரமம் தரக்கூடாது என்று, 'மாத்திரை சாப்பிடுவதில்லை' என்ற கட்டத்தில் டிக் அச்சிட்டே அனுப்பியிருந்தார்கள். அவர் கையெழுத்து மட்டும் போட வேண்டியிருந்தது. காலியாக ஒரு படிவத்தைத் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லாத மனிதர், போட்டுவிட்டார்.

டிரைவரின் முகத்தில் ஒரு களை வந்தது. மனைவி பார்த்திருந்தால் உடனே கிள்ளியிருப்பார்.

"சார், உங்களுக்கு இப்ப ஒண்ணுக்கு வருதா?"

ஐந்து நிமிடம் கழித்து, தாழ்வாரக் கடைசியில் இருந்த ஆண்கள் கழிவறையில், கதவின் கீழ் இடுக்கு வழியாக ஒரு சின்ன பாட்டில் கைமாறியது. இதமான சூட்டோடு டிரைவர் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். விடுவிப்புப் பிரிவில் திருவிழாக் களை வந்துவிட்டது. சோதனைக்காரர் இயக்குநருக்குப் போன் செய்தார். இயக்குநர் தானே இறங்கி வந்து டிரைவரின் தோளைத் தட்டினார். "நான் சொல்லலை? நீங்களே உங்களை நம்பலை, நாங்க நம்பினோம்!"

விடுவிப்புக்கு வருகிறவர் ஒரு துணையாளரை அழைத்து வர வேண்டும் என்பது விதி. டிரைவர் சர்வேயரை அழைத்துப் போனார். வாரம் ஒரு நாள் ஆலோசகர் முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"கை நடுங்குதா?" என்று ஆலோசகர் டிரைவரைக் கேட்டார்.

டிரைவர் ஓரக்கண்ணால் சர்வேயரைப் பார்த்தார். சர்வேயர் தலையை ஆட்டினார்.

"நடுங்குது."

"வேர்க்குதா?"

"வேர்க்குதாம்."

"தாம்?"

"வேர்க்குதுங்க."

"உங்களைவிட உங்க நண்பருக்குத்தான் அதிகமா வேர்க்குது. இப்படி ஒரு துணை கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்" என்று ஆலோசகர் நெகிழ்ந்து, சர்வேயருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார். மற்றபடி அந்த ஆலோசகர் தன் வேலை தெரிந்தவர். மாத்திரையைப் படிப்படியாக எப்படிக் குறைப்பது, உடம்பு அடம் பிடித்தால் என்ன செய்வது என்று டிரைவரிடம் சொல்ல, சர்வேயர் குறித்துக்கொண்டார். குறைந்த அளவு மாத்திரைகளை டிரைவர் கையில் தருவார்கள், வாசலைத் தாண்டியதும் அவை இடம் மாறும். அஞ்சலில் வந்த பழைய மாத்திரைகளை டிரைவரின் மனைவி வாங்கிக் கொண்டுபோய் மருந்துக்கடையின் கழிவுப் பெட்டியில் போட்டார். நூலகத்தில் அவரிடம் தவணை கடந்த புத்தகங்களைக் கொடுக்காமல் தப்பித்தவர் யாருமில்லை, சர்வேயரும் தப்பவில்லை.

வாராவாரம் கைமாறிய பாட்டிலில் நான்கு வாரம் மருந்தின் அளவு இறங்கியது. ஐந்தாம் வாரம் எகிறிவிட்டது. ஆலோசகர் டிரைவரைப் பார்த்து வருத்தத்தோடு தலையசைத்தார். அன்றைக்கே பணிமனையிலிருந்து கடிதமும் வந்தது. மாதக் கடைசிக்குள் தகுதிச் சான்றிதழ் வராவிட்டால் தவறவிட்ட பொருள்கள் அறையில் பொறுப்பேற்க வேண்டும்.

டிரைவர் கொதித்துப்போய்ச் சர்வேயர் வீட்டுக்குப் போனார். "என் பொழப்பு உம்ம பாட்டில்ல இருக்குய்யா! வாரம் பூரா வேண்டிக்கிட்டு இருக்கேன், நீர் பாட்டுக்கு முழுங்கறீர்!" என்று வாசலிலிருந்தே ஆரம்பித்தவர், உள்ளே போனதும் நிறுத்திக்கொண்டார். நான்கு நாற்காலி போட்ட சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி மட்டும் இழுபட்டிருந்தது. மற்ற மூன்றிலும் தூசி.

"வீட்ல துணை உண்டுன்னு எழுதினீங்களே?"

"அவ போய் ரெண்டு வருஷமாச்சு. அந்தக் கட்டத்துல என்ன எழுதறதுன்னு தெரியலை." சர்வேயர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "மாத்திரை போட்டா வீடு இவ்வளவு பெருசாத் தெரியலை டிரைவர். அதான் முந்தாநாள் ரெண்டு சேத்துப் போட்டுட்டேன்."

டிரைவருக்குத் திட்ட வந்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. இந்த மனிதரைப் பாட்டிலாக மட்டும் நினைத்துக்கொண்டிருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. இன்னொரு நாற்காலியைத் துடைத்து, இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாளைலேர்ந்து மத்தியானச் சாப்பாடு எங்க வீட்ல. என் மனைவி பேசறதைக் கேட்டா உங்களுக்கு வேற மாத்திரையே தேவைப்படாது."

கேட்டார். தினமும் மத்தியானம் வந்து, சாப்பிட்டு, திட்டு வாங்கி, டிரைவரோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்தார். மூன்று வாரத்தில் பாட்டில் சுத்தமாக வந்தது. அதற்கு அடுத்த வாரமும் சுத்தமாக வந்தது. மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது டிரைவரின் ஆபத்து மூடப்பட்டது.

சான்றிதழை மேடையில்தான் தருவோம் என்றார்கள். முன்னறிவு மையத்தின் முதல் ஆண்டு விழா. சிவப்பு அட்டைக்கு எடுத்துக்காட்டாக டிரைவரையும் பச்சை அட்டைக்கு எடுத்துக்காட்டாகச் சர்வேயரையும் மேடையில் உட்கார வைத்தார்கள். டிரைவர் சான்றிதழை வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டார்.

இயக்குநர் பேசினார். "நண்பர்களே, எழுபத்து மூன்று என்றோம். ஆரம்பத்தில் இவர் மறுத்தார். ஒரு கட்டத்தில் மாத்திரையே சாப்பிடவில்லை என்றுகூடச் சொன்னார். நாங்கள் தளரவில்லை. இறுதியில் சோதனை எங்கள் பக்கம் நின்றது! ஒன்பது என்றோம். இதோ, தொண்ணூறாம் நாள் 'சாப்பிடுவதில்லை' என்று இவரே கையெழுத்திட்டிருக்கிறார். மனிதர்கள் மாறுவார்கள், மழுப்புவார்கள். மதிப்பெண் மாறாது. நோயாளியை நேரில் பார்த்தால் நம் தீர்ப்பு குழம்புகிறது என்பது எங்கள் அனுபவம். எனவே அடுத்த மாதம் முதல், நம் குழுமத்தின் பதினோரு மருத்துவமனைகளிலும், பதினைந்துக்குக் கீழே மதிப்பெண் உள்ளவர்களை யாரும் நேரில் பார்த்துத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். மாத்திரை தானாகப் போகும்!"

கைதட்டல் எழுந்தது. சர்வேயர் தட்டவில்லை. டிரைவரின் பக்கம் சாய்ந்தார்.

"பதினோரு ஆஸ்பத்திரி, டிரைவர். எத்தனை ஒன்பது இருப்பாங்க? நான் எழுந்து சொல்லிடட்டுமா?" பிறகு அவரே குரலை இறக்கினார். "உங்க சான்றிதழ் போயிடும். வேணாம்னா வாயைத் திறக்கலை."

டிரைவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். நாற்பது குடைகளும் வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றன. இன்னும் நான்கு வருடம். அவருக்கு அழுகை வரும் போலிருந்தது. சர்வேயரை ஏறிட்டுப் பார்க்காமலே, "சொல்லுங்க சார். நான் யோசிக்க ஆரம்பிக்கறதுக்குள்ள சொல்லிடுங்க" என்றார்.

சர்வேயர் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். கை நடுங்கவில்லை.

"அந்த பாட்டில்ல இருந்ததெல்லாம் என் மூத்திரம். இவர் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடலை. சாப்பிட்டது நான். அஞ்சு மாசம் சாப்பிட்டேன். விட முடியாம இங்க வந்து நாலு தடவை கெஞ்சினேன். ஒன்பதுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிச்சீங்க."

மதிப்பெண் அதிகாரி கணினியைத் திறந்து எதையோ தேடினார். இயக்குநர் மட்டும் அசையவில்லை. அவருடைய கண்கள் மெல்லக் கலங்கின. சர்வேயரின் தோளை அணைத்துக்கொண்டு ஒலிவாங்கியை வாங்கினார்.

"பார்த்தீர்களா? நண்பனின் களங்கத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறார்! தன் மானத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை! நண்பர்களே, இதுதான் ஒன்பது!"

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சர்வேயர் மறுபடி மறுபடி என்னவோ சொன்னார், ஒலிவாங்கி இல்லாததால் கேட்கவில்லை. ஒரு சால்வையைப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். டிரைவரின் சான்றிதழை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

விழா முடிந்து டிரைவர், விழாவுக்கு வந்திருந்த அவர் மனைவி, சர்வேயர் மூவரும் படி இறங்கும்போது, ஊன்றுகோலோடு ஒருவர் அவசர அவசரமாகப் பின்னால் வந்தார். நல்ல சட்டை, நல்ல கண்ணாடி. தான் பல் மருத்துவர் என்று அறிமுகம் செய்துகொண்டார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சர்வேயரின் கையைப் பிடித்தார்.

"நீங்க உள்ள சொன்னது நிஜம்தானே? எனக்கு ஏழு சார். ஆறு மாசமா சாப்பிடறேன். எங்க போய்ச் சொன்னாலும் சிரிச்சுக்கிட்டே அனுப்பிடறாங்க. எப்படி விட்டீங்க? யார்கிட்ட போகணும்?"

பிடித்த பிடியில் சர்வேயரின் கையும் சேர்ந்து ஆடியது. சர்வேயர் டிரைவரைப் பார்த்தார். டிரைவரின் ஆபத்தை மூடியாகிவிட்டது. ஒருவர் மறுபடி சிவப்பு அட்டை வாங்கி விடுவிப்புப் பிரிவுக்குள் நுழைய வேண்டுமானால், புதிதாக இன்னொரு மூட்டை மாற்றியாக வேண்டும்.

டிரைவர் கடைசிப் படியில் நின்றார். பிரேக்கை மிதிக்கும் வலது காலை மெதுவாக மடக்கி, நீட்டி, முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"இந்த முட்டியும் வலிக்குது போலிருக்கே" என்றார்.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எப்பலேர்ந்து?"

"இப்பலேர்ந்துதான்."